கல்லுக்கு உயிர் வர எத்தனை நாள்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லைவ் ராக் பற்றித்தான். அதனால் தங்கமீன், கப்பி கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, கடல்நீர்த் தொட்டிக்காரர்களுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மூன்றடி தொட்டி வாங்கிவிட்டேன் (3 x 1¼ x 1½ அடி). ஒரு கடையில் "லைவ் ராக் இல்லாமல் மரைன் டேங்க் ஓடவே ஓடாது" என்கிறார்கள். இன்னொரு கடையில் "ட்ரை ராக்கே போதும்" என்கிறார்கள். யாரை நம்புவது? எத்தனை கிலோ வாங்க வேண்டும்?
— வாசகர், அம்பத்தூர்

இரண்டு கடைக்காரர்களும் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். லைவ் ராக் என்பது கடலில் கிடந்த பழைய பவள எலும்புக்கூடு, அதாவது சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லுக்கு உயிர் கிடையாது, உயிர் அதன் மேலும் அதன் துளைகளுக்குள்ளும் குடியிருக்கும் பாக்டீரியா, புழு, பாசி, கடற்பஞ்சு இவற்றுக்குத்தான். மீன் கழிக்கிற அம்மோனியாவைக் கல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். கல்லின் உள்ளே, ஆக்சிஜன் எட்டாத ஆழமான துளைகளில் இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டையும் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். சாதாரண பில்டர் முதல் இரண்டு வேலைகளைச் செய்யும், மூன்றாவது வேலையைப் பெரும்பாலும் செய்யாது. கடல்நீர்த் தொட்டியில் கல்லுக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பது இதனால்தான்.

இதைச் செய்து காட்டிய முன்னோடிகளில் ஒருவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961-லேயே, பெரிய பில்டர் எதுவும் இல்லாமல், கடலில் இருந்து எடுத்த கல்லும் கடல்நீரும் காற்றுக் குமிழியும் வைத்துப் பவளம் வளர்த்ததை எழுதினார். பிறகு ஜெர்மனிக்காரர்கள் அதோடு ஸ்கிம்மரை, அதாவது கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவியை, சேர்த்தார்கள், அதுதான் இன்றும் உலகம் முழுக்க 'பெர்லின் முறை' என்ற பெயரில் ஓடுகிறது.

ஆனால் லீ சின் எங் காலத்தில் செய்ததை நாம் இங்கே செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஏன் என்பதை ராமநாதபுரம் வாசகருக்கான பதிலில் விரிவாக எழுதியிருக்கிறேன், தயவுசெய்து அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இங்கே சுருக்கமாக: இந்தியாவில் ஒரு கடையில் ஈரமான, பாசி படிந்த பவளக் கல்லை 'லைவ் ராக்' என்று கிலோ கணக்கில் விற்றால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்தது என்றால் அனுமதிக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் கையை வைக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது ட்ரை ராக், அதாவது உயிரோடு எதுவும் இல்லாத காய்ந்த கல், அல்லது செராமிக் கல். அதற்கு உயிர் கொடுக்கிற வேலையை உங்கள் தொட்டியே செய்துகொள்ளும்.

எத்தனை கிலோ? உங்கள் தொட்டி கொள்ளளவு சுமார் 160 லிட்டர் வரும். பழைய கணக்கு 8 லிட்டருக்கு ஒரு கிலோ, அப்படிப் பார்த்தால் 20 கிலோ. ஆனால் அது கனமான கல்லுக்குச் சொன்ன கணக்கு. கையில் எடுத்துப் பார்த்தால் 'இவ்வளவு பெரிய கல் இவ்வளவு லேசா' என்று தோன்றினால், உள்ளே துளை அதிகம் என்று அர்த்தம், அந்த மாதிரிக் கல் என்றால் 10 முதல் 12 கிலோ தாராளம். கடையிலேயே சின்ன சோதனை ஒன்று உண்டு: கல்லின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண் போல உறிஞ்சினால் எடுங்கள், கிரானைட் போல வழிந்து ஓடினால் வேண்டாம். எடையை மட்டும் பார்க்காமல் வடிவத்தையும் பார்த்து வாங்குங்கள்: அடியில் வைக்க இரண்டு தட்டையான பெரிய கல், மேலே பாலம் போல நிற்க ஒரு நீளமான கல், மிச்சம் சில்லறை. எல்லாம் உருண்டையாக வாங்கினால் தொட்டிக்குள் உருளைக்கிழங்கு மூட்டை கொட்டியது போல இருக்கும், தண்ணீரும் இடையில் ஓடாது.

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்கரையில் பவளக் கல் துண்டுகள் ஒதுங்கிக் கிடக்கின்றன. எல்லாம் செத்துப்போனவைதான். பத்துப் பன்னிரண்டு பொறுக்கிக் கழுவித் தொட்டியில் போட்டால் என்ன தப்பு? காசும் மிச்சம்.
— வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

தப்புதான், இரண்டு விதத்தில். ஒன்று சட்டம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். யானை, புலி இருக்கும் அதே அட்டவணை. உயிருள்ளதா செத்ததா என்ற பேதம் அதில் கிடையாது, யானை செத்தாலும் தந்தத்தை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது இல்லையா, அதே கதைதான். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. 2022-ல் வந்த திருத்தம், அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் சேர்ந்து போட்ட சைட்டிஸ் ஒப்பந்தத்தையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது, ஆகவே வெளிநாட்டுப் பவளம் என்று சொல்லியும் தப்ப முடியாது.

இரண்டாவது காரணம் எனக்குச் சட்டத்தைவிடப் பெரியது. உங்கள் கடலுக்கு என்ன நடந்தது என்பது உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தவை. அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்குள். சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் என்று பல காலம் வள்ளம் வள்ளமாக முருகைக்கல்லை, அதாவது பவளக் கல்லை, வெட்டி எடுத்தார்கள், தீவைக் காத்து நின்ற சுவர் போனது, அலை வந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு போனது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயத்தின் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், கல்லில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன வரிகள் தெரியும், அதெல்லாம் ஒரு காலத்தில் பவளத்தின் வீடு. 2004 சுனாமி வந்தபோது தீவும் பாரும் (பவளத் திட்டும்) எப்படிக் கரையைக் காத்தன என்று மக்களே கண்டபிறகுதான் அந்த வெட்டு ஓய்ந்தது. அப்புறம் 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்ததும் நம் கண்முன்னே நடந்ததுதான்.

கரையில் ஒதுங்கிய துண்டு வீண் பொருள் இல்லை. அது உடைந்து மணலாகும், அந்த மணல்தான் அந்தத் தீவு. நீங்கள் பத்து எடுத்தால் குறையாது என்று தோன்றும், ஆனால் சீசன் நாளில் ராமேஸ்வரத்துக்கு எத்தனை பேருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். கல்லை அங்கேயே விடுங்கள். காசு மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது, கீழே நாகர்கோவில் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி: ட்ரை ராக் 15 கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். அப்படியே தொட்டியில் போட்டு உப்புத் தண்ணீர் ஊற்றினால் போதுமா? எத்தனை நாளில் க்ளவுன் மீன் விடலாம்?
— வாசகி, கோவை

அப்படியே போடாதீர்கள் அம்மா. நான் அப்படிப் போட்டுத்தான் ஒரு ஜோடி க்ளவுனை இழந்தேன். கடையில் ஒரு பாட்டில் பாக்டீரியாவைக் கொடுத்து "இதை ஊற்றினால் நாளைக்கே மீன் விடலாம்" என்றார்கள், நான் நம்பி ஐந்தாம் நாள் விட்டேன். ஏழாம் நாள் காலையில் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, செவுள் ரத்தச் சிவப்பு. டெஸ்ட் கிட் குழாயில் தண்ணீர் எடுத்து அம்மோனியா பார்த்தால் கரும்பச்சை. பாதித் தண்ணீரை மாற்றியும் சாயங்காலத்துக்குள் இரண்டும் போய்விட்டன. அந்தக் கல்லை ஒரு தடவை முகர்ந்து பார்த்திருந்தால் கருவாட்டு வாசனை வந்திருக்கும், உள்ளே காய்ந்துபோன உயிர்கள் அழுக ஆரம்பித்திருந்தன.

ஆகவே முதல் வேலை முகர்வது. கல்லை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். மண் வாசனை, சுண்ணாம்பு வாசனை என்றால் நல்ல கல். நாறினால் கொஞ்சம் கூடுதல் வேலை: பழைய பல்துலக்கும் பிரஷால் பொந்து பொந்தாகத் தேய்த்து, பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்து ஒரு நாள் ஊறவைத்து, பிறகு நாலைந்து முறை அலசி, மொட்டை மாடியில் வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். மூன்று நாள் கோவை வெயில் போதும். ப்ளீச் வாடை துளிகூட இல்லாமல் போன பிறகுதான் அடுத்த கட்டம். பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிக் கழுவச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டவே வேண்டாம். ப்ளீச் பட்ட கல்லில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைத்துவிடும்.

இரண்டாவது, கல்லைத் தொட்டிக்கு வெளியே ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் பழக்குங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் மரைன் உப்பு (சமையல் உப்பு இல்லை), அடர்த்தி 1.025, உள்ளே தண்ணீரைச் சுழற்ற ஒரு சின்ன வேவ்மேக்கர். வெளிச்சம் வேண்டாம், மூடி வையுங்கள், வெளிச்சம் இருந்தால் பாக்டீரியாவுக்கு முன்னால் பாசி வந்து உட்கார்ந்துவிடும். வெப்பம் 26-27 டிகிரி இருந்தால் நல்லது, நம் ஊரில் அதற்கு ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது.

இப்போது பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. அம்மோனியம் குளோரைடு கரைசல் கிடைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வருகிற அளவு விடுங்கள். கிடைக்கவில்லை என்றால் உரித்த பச்சை இறால் ஒன்றைப் பழைய சாக்ஸில் கட்டித் தொங்கவிடுங்கள், நாறும், ஆனால் வேலை நடக்கும். விதைக்குப் பாட்டில் பாக்டீரியா விடலாம், அதை நான் குறை சொல்லவில்லை, அதை நம்பி மறுநாள் மீன் விடுவதைத்தான் சொல்கிறேன். அதைவிட நல்லது, நோயில்லாத கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பரின் பில்டரில் இருந்து ஒரு கைப்பிடி செராமிக் வளையம் வாங்கிப் போடுவது. தயிருக்கு உறை குத்துவது மாதிரிதான்.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். முதலில் அம்மோனியா ஏறும், இறங்கும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், அதுவும் மெதுவாக இறங்கும். கடைசியில் நைட்ரேட் மட்டும் தெரியும். நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம், சில நேரம் எட்டு. முடிந்ததா என்று தெரிந்துகொள்ள மறுபடி 2 மில்லிகிராம் அம்மோனியா விடுங்கள், 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் கல் தயார். பெருமளவு தண்ணீரை மாற்றிவிட்டு, முதலில் ஒரே ஒரு மீன். இரண்டு வாரம் கழித்து அடுத்தது.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். தொட்டியில் அடுக்கும்போது முதலில் கல், பிறகு மணல். மணலுக்கு மேல் கல்லை வைத்தால் குழி தோண்டுகிற கோபி மீன் என்றைக்காவது அடியைச் சரித்துவிடும், மேல் கல் உருண்டு கண்ணாடியில் விழும். பின்பக்கக் கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: அண்ணா, கல்லூரியில் படிக்கிறேன். ட்ரை ராக் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. சிமெண்டில் நாமே கல் செய்யலாம் என்கிறார்களே, மீனுக்கு ஆபத்து இல்லையா?
— வாசகர், நாகர்கோவில்

செய்யலாம் தம்பி, பொறுமை மட்டும் வேண்டும். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிதைந்த பார்களில் கான்கிரீட் சட்டங்களை இறக்கி, பவளத் துண்டுகளைக் கட்டி வளர்த்திருக்கிறார்கள். பவளமே ஒட்டி வளர்கிற பொருள்தான் சிமெண்ட், நன்றாகப் பதப்பட்டிருந்தால்.

வெள்ளை சிமெண்ட் ஒரு பங்கு, கிளிஞ்சல் குருணை இரண்டு பங்கு, கல் உப்பு இரண்டு பங்கு. கிளிஞ்சலைக் கடற்கரையில் தேட வேண்டாம், கோழித் தீவனக் கடையில் மூட்டையாக இருக்கும். மூன்றையும் உலர்வாகவே கலந்துவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். பதம் எது தெரியுமா, புட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் அதிகமாகிக் குழம்பாகிவிட்டால் உப்பு கரைந்து துளை இல்லாத வெறும் சிமெண்ட் கட்டிதான் மிஞ்சும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஈர சிமெண்ட் தோலை அரித்துவிடும்.

ஒரு பெட்டியில் ஈர மணல் நிரப்பி அதில் கையால் குழி செய்து கலவையைப் போடுங்கள், அழுத்தாமல் லேசாக. நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாயை நட்டுவைத்தால் பின்னால் அது மீன் நுழைந்து போகிற குகையாகும். ஈரச்சாக்கு போட்டு மூடி இரண்டு மூன்று நாள் கழித்து எடுங்கள். இனிமேல்தான் முக்கியமான கட்டம். வாளியில் நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து, முதல் வாரம் தினமும், பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். உப்பு கரைந்து வெளியேறும், அது இருந்த இடமெல்லாம் துளையாகும். சிமெண்டின் காரமும் மெல்ல மெல்ல இறங்கும். முதல் நாள் அந்தத் தண்ணீரின் பி.எச். 11, 12 என்று இருக்கும், மீன் உடனே செத்துவிடும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, மூன்று நாள் மாற்றாமல் விட்ட தண்ணீரிலும் பி.எச். 8.4-ஐத் தாண்டவில்லை என்றால் கல் பதப்பட்டுவிட்டது. அதன் பிறகுதான் கோவை வாசகிக்குச் சொன்ன டிரம் வேலை. மொத்தத்தில் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். நான் செய்த முதல் கல் இப்போதும் என் தொட்டியில் இருக்கிறது, அதன் ஒரு பக்கம் முழுக்க இளஞ்சிவப்புப் பாசி படர்ந்து, இது சிமெண்ட் என்று நானே சொன்னாலும் வீட்டுக்கு வருகிறவர்கள் நம்புவதில்லை.

கேள்வி: இங்கே கடையில் இறக்குமதியான லைவ் ராக் விற்கிறார்கள். வாங்கிய கல்லில் இருந்து ராத்திரியில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் எல்லாப் பூச்சியும் செத்துவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். செய்யலாமா?
— வாசகர், சிங்கப்பூர்

கூடாது, கூடவே கூடாது. கல்லில் ஸோவாந்திட் என்ற பூ மாதிரியான உயிர் ஒட்டியிருக்கலாம். அவற்றில் சில வகைகளில் பாலிடாக்சின் இருக்கிறது, இயற்கையில் உள்ள மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. கல்லைக் கொதிக்கவைத்தால் அது ஆவியோடு எழும்பி, வீட்டில் உள்ள எல்லோரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். வெளிநாடுகளில் குடும்பத்தோடு பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நாய்கூடத் தப்பவில்லை. வெறும் கையால் தேய்ப்பதும் வேண்டாம், கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

சத்தம் போடுவது பிஸ்டல் இறாலாக இருக்கலாம், மான்டிஸ் இறாலாகவும் இருக்கலாம். முதலாவது இருந்தால் நல்லது, கோபி மீனோடு கூட்டாளியாக வாழும். இரண்டாவது மீனையும் நண்டையும் ஒவ்வொன்றாகத் தீர்த்துவிடும். அடர்த்தி 1.035-க்குக் கலந்த உப்புத் தண்ணீரில் கல்லை ஒரு நிமிடம் மூழ்கவைத்து வாளியின் மேல் பிடியுங்கள், உள்ளே இருப்பது பெரும்பாலும் துள்ளி வெளியே வரும். முன்காலை மடக்கித் தொழுகிற மாதிரி வைத்திருந்தால் மான்டிஸ், ஒரு பக்க இடுக்கி மட்டும் பருத்திருந்தால் பிஸ்டல். மான்டிஸ் என்றால் விரலைக் கொடுக்காதீர்கள், வலையால் எடுங்கள்.

ராத்திரி விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு கல்லைப் பாருங்கள். ரோமம் வைத்த புழு ஊர்ந்தால் பயப்படாதீர்கள், அது மிச்சம் மீதியைச் சாப்பிட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்கிற ஆள், தொட்டால் மட்டும் முள் குத்தும். பழுப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரித் தெரிகிற குட்டி அனிமோன் இருந்தால்தான் கவலை, அது ஐப்டேசியா. பிய்க்காதீர்கள், பிய்த்த ஒவ்வொரு துணுக்கும் ஒரு புது அனிமோன். கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது சுத்தமான சுண்ணாம்பை, தயிர்ப் பதத்தில் குழைத்து, ஊசி சிரிஞ்சால் அதன் வாயின் மேல் மெதுவாக வையுங்கள், ஒரே நாளில் ஏழெட்டுக்கு மேல் வேண்டாம், பி.எச். ஏறிவிடும்.

கேள்வி: கல் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. அம்மோனியா, நைட்ரைட் எல்லாம் பூஜ்யம். ஆனால் கல் முழுக்கப் பழுப்புத் தூள் படிந்து அசிங்கமாக இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துக் கழுவி மறுபடி ஆரம்பிக்கவா?
— வாசகர், திருச்சி

கழுவிவிடாதீர்கள்! அது டயாட்டம் என்ற நுண்பாசி, புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும், தண்ணீரில் உள்ள சிலிக்காவைத் தின்று தீர்த்ததும் பெரும்பாலும் தானே போய்விடும். ஆர்.ஓ. இயந்திரத்தின் மெம்ப்ரேன் பழசாகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள், விளக்கை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள், நாலைந்து நத்தைகளை விடுங்கள். அதற்குப் பின்னால் கொஞ்ச நாள் பச்சைப் பாசியும் வரலாம். ஐந்தாறு மாதம் கழித்து ஒரு நாள், கல்லின் நிழலான பக்கத்தில் கடுகளவு ஊதாப் பாசிப் புள்ளி ஒன்று தெரியும், விரலால் தேய்த்தால் போகாது. அது தெரிந்த அன்றைக்கு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.